சனிக்கிழமையும் ஊசிதான்

ஏ பாப்பா, நகர்ந்து நகர்ந்து எங்க போற? இன்னும் கொஞ்சம் போனா நடுவழியில விழுந்துருவ. நல்லா உக்காரு. ஒட்டாது. அம்மை இல்ல இது. மூஞ்சிய நல்லாவே பாத்துக்க, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். பாக்குறவுகளுக்கு முழுசாக் காட்டிரணும். அரைகுறையாப் பாத்தா வீட்டுக்குப் போயி வேற மாதிரிச் சொல்லிருவாக.

ஊசி. ஊசி குத்துனது. இன்னைக்குக் காலையில, பாளையங்கோட்டையில, தோல் டாக்டர்கிட்ட நானாப் போயி, என் சம்பாத்தியத்துல குத்திக்கிட்டது. மைக்ரோ நீட்லிங்னு பேரு. நீயும் செல்லுல பாத்திருப்ப. இது மூணாவது தடவை, இன்னும் ஒண்ணு பாக்கி. ரெண்டு நாளைக்கு இப்படித் தக்காளி மாதிரி செவந்து கிடக்கும், அப்புறம் தணிஞ்சிரும். வெயிலும் புழுதியும் படக்கூடாதுன்னு சொல்லியிருக்காக, அதான் முக்காடு. வேற ஒண்ணும் மறைக்கல.

நீ எதுவரைக்கும் போற? கோவில்பட்டியா. சரி, நானும் அங்கதான். கயத்தாறு தாண்டுறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன். இல்ல, தாண்டியும் சொல்லுவேன். நீ காதுல மாட்டுறத எடுத்து வச்சிரு.

என் பேரு சந்தனமாரி. ஜவுளிக்கடையில வேலை. எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், அண்ணாச்சி நல்ல மனுசன், அவரு பேரு எதுக்கு. பதினாறு வருசமா இருக்கேன். அதுல பதினோரு வருசம் மாடியில, பட்டு செக்சன்ல. பட்டு செக்சன்னா சும்மா விரிச்சுப் போடுற வேலை இல்ல. முந்தானைய நம்ம தோள்ல போட்டுக்கிட்டு, கொசுவத்த இப்படிக் கையில புடிச்சுக்கிட்டு, வந்தவுக முன்னாடி நின்னு காட்டணும். அவுக சேலையையும் பாப்பாக, சேலைக்கு மேல இருக்குற முகத்தையும் பாப்பாக. பதினோரு வருசம் பாத்தாக. ஒருத்தியும் எந்திரிச்சு ஓடல.

போன பங்குனியில அண்ணாச்சி கூப்பிட்டு, "ஏம்மா, கீழ கூட்டம் சாஸ்தி. நீ கீழ வந்தாத்தான் சமாளிக்க முடியும்"னாரு. கீழ என்ன தெரியுமா? துண்டு, லுங்கி, உள்பாவாடை. துண்டத் தோள்ல போட்டுக் காட்டவா முடியும்? எனக்கு விளங்கிருச்சு. அப்பத்தான் அவரு மருமக புதுசா கடைக்கு வந்து, மாடியில விளக்கெல்லாம் மாத்தி, சேலை கட்டுன பிள்ளைகள வீடியோ எடுத்து செல்லுல போட ஆரம்பிச்சிருந்துச்சு. என்னைய ஒரு தடவை எடுத்துச்சு. எடுத்துட்டுப் போட்டுப் பாத்துச்சு. அப்புறம் எடுக்கல. அவ்வளவுதான், வேற யாரும் வந்து எனக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

என் வாயும் ஒரு காரணம்னு பின்னாடி ஒரு பேச்சு வந்துச்சு. என் வாயில என்ன இருக்கு? ஒரு பொண்ணு மாம்பழக் கலர்தான் வேணும்னு நின்னுச்சு. "வேண்டாம்மா, மஞ்சக்காமாலை கண்ட மாதிரி இருக்க"ன்னேன். இருந்துச்சு, சொன்னேன். அவுக கோவிச்சுக்கிட்டு எதுத்த கடைக்குப் போனா அதுக்கு நானா பொறுப்பு? நான் பொய் சொல்ல மாட்டேன் பாப்பா. பொறந்ததுல இருந்து அப்படி.

என் முகம் பொறந்ததுல இருந்து இப்படி இல்ல. அத முதல்ல சொல்லிரணும். எங்க ஊரு எட்டயபுரத்துக்குப் பக்கம். எங்க தெருவுல என்னையத்தான் பாலாடைன்னு கூப்பிடுவாக, அவ்வளவு வழவழன்னு இருக்கும். கல்யாணத்தன்னைக்கு எடுத்த போட்டோ வீட்டுல இருக்கு. அதுல இருக்கவ வேற ஒருத்தி மாதிரி இருப்பா. வீட்டுக்கு வர்றவுக அதப் பாத்துட்டு, "இது யாரு, உன் தங்கச்சியா?"ன்னு என்கிட்டயே கேப்பாக.

கல்யாணமாகி மூணு மாசம். எங்க நாத்தனாரு மகன், நாலு வயசுப் பய, அவனுக்கு அம்மை வந்துருச்சு. நாத்தனாரு ரெண்டாவது பிள்ளைய வயித்துல வச்சிருந்தா, அவளுக்கு அதுக்கு முந்தி அம்மை வந்ததும் கிடையாது. அதனால அவள அங்கயே விட்டுட்டு பயல மட்டும் எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டாக. எங்க மாமியா சீனியம்மாவுக்குப் பகல் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. யாரு பாக்குறது? என்னையத்தான் சொல்லுச்சு. "ஏ சந்தனம், நீ பாத்துக்க"ன்னுச்சு. புதுசா வந்தவ, மாட்டேன்னா சொல்ல முடியும்? பாத்துக்கிட்டேன். பயலு சொறியாம, வேப்பங்கொழுந்த வச்சு வருடி வருடி, பகலும் ராவும் மடியிலயே போட்டுக் காப்பாத்துனேன். அவன் மேல ஒரு தழும்பு கிடையாது. இப்பக் கல்யாணமாகி சென்னையில இருக்கான், கன்னம் ரெண்டும் மைதா மாவு மாதிரி இருக்கும்.

பயலுக்கு அம்மை இறங்கி மூணாந் தண்ணி ஊத்துன ரெண்டாவது வாரம் எனக்கு வந்துருச்சு. பெரிய ஆளுக்கு வந்தா சும்மா விடுமா? உச்சியில இருந்து உள்ளங்கால் வரைக்கும். காய்ச்சலு வேற. கண்ணத் தொறக்க முடியல. எனக்கு யாரு வேப்பங்கொழுந்து புடிச்சது? ஒருத்தரும் இல்ல. எங்க மாமியா தீப்பெட்டி ஆபீஸ் போயிருச்சு, இவரு எடைமேடைக்குப் போயிட்டாரு. பைபாஸ்ல லாரி எடை போடுற இடத்துல எங்க வீட்டுக்காரருக்கு வேலை. தனியாக் கிடந்தேன். அரிப்புத் தாங்காம என் கையே என் முகத்தப் பிச்சு எடுத்துருச்சு. எந்திரிச்சுக் கண்ணாடியப் பாக்கும்போது வேற ஒருத்தி நிக்கா.

அழுதேன். பத்து நாள் அழுதேன். அதுக்கு எங்க மாமியா என்ன சொல்லுச்சு தெரியுமா? "எதுக்கு அழுவுற? தாயி முத்துப் போட்டுட்டுப் போயிருக்கா. எல்லாருக்குமா போடுறா? பேரே சந்தனமாரி, அவ உன்னையத் தன் பிள்ளையா எழுதி வச்சுட்டா"ன்னுச்சு. அன்னையில இருந்து இருபத்தி மூணு வருசமா அதே பேச்சு. ஒரு தடவை மெடிக்கல்ல ஒரு களிம்பு வாங்கிட்டு வந்தேன். அதப் புடுங்கி சாக்கடையில போட்டுருச்சு. "சாமி போட்டத அழிக்கப் பாத்தா வீடு வெளங்காது"ன்னுச்சு. எங்க வீட்டுக்காரரக் கேட்டா, "அதுக்கென்ன இப்ப, நீ நல்லாத்தான இருக்க"ம்பாரு. இருபத்தி மூணு வருசமா இதே ஒரு வார்த்தை. மாத்திச் சொல்லக்கூடத் தோணாது அந்த மனுசனுக்கு. முகத்தப் பாத்தாத்தான தோணும்.

எனக்கு என்ன ஆத்திரம்னா, பாப்பா, போனது போச்சு, அத ஒருத்தராவது போச்சுன்னு சொல்லணும்ல? உன் முகம் எங்க வீட்டுல வச்சுத்தான் போச்சுன்னு ஒரு ஆளு சொல்லணும்ல? முத்து, வரம், தாயி கருணைன்னு பூசி மெழுகிட்டா எனக்கு ஆறிருமா?

பங்குனியில கீழ அனுப்புனாகளா, அன்னைக்கு முடிவு பண்ணிட்டேன். எனக்கு என் முகம் வேணும். பட்டு செக்சனும் வேணும். செல்லுல பாத்து, விசாரிச்சு, ஆடி மாசம் கடைசி வியாழக்கிழமை பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிட்டேன். மாமியாகிட்ட ஆஸ்பத்திரியில ஒருத்தரப் பாக்கப் போறேன்னு சொன்னேன். அதுலயும் பொய் இல்ல பாரு. டாக்டரு ஒருத்தருதான.

டாக்டரம்மாவுக்கு உன்னைய விட நாலஞ்சு வயசு கூட இருக்கும். விரல வச்சுக் குழிய ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்துச்சு. இருபத்தி மூணு வருசத்துல என் கன்னத்த ஒருத்தர் அப்படித் தொட்டது அன்னைக்குத்தான். "முழுசாப் போகாதும்மா, நாலு தடவை பண்ணுனா பாதிக்கு மேல கொறையும்"னுச்சு. "நீங்க பாதியக் கொறைங்க, மிச்சத்த நான் பாத்துக்கிடுறேன்"னேன். சிரிச்சிருச்சு. மரத்துப்போற களிம்பு தடவி முக்கால் மணி நேரம் உக்கார வச்சாக. அப்புறம் பேனா மாதிரி ஒரு மிசினு, நுனியில பொடிப்பொடியா ஊசி. டர்ருன்னு ஓட்டும். நெத்தியில ஓட்டும்போதுதான் கண்ணுல தண்ணி வரும், மத்தபடி தாங்கலாம். தோலக் குத்திக் குத்தி விட்டா, அது பதறிப்போயி உள்ள இருந்து தன்னையத் தானே சரி பண்ணுமாம். நல்ல ஏற்பாடு. எங்க வீட்டு ஆளுகளுக்கும் ஒண்ணு இருந்தாத் தேவலை.

கிளம்பும்போது சொல்லி விட்டாக. ஒரு நாளைக்கு முகத்துல சோப்புப் போடக்கூடாது, பச்சைத் தண்ணிதான். மஞ்சள், பவுடர், எதுவும் ஒரு வாரத்துக்கு ஆகாது. அப்பிச் சிவந்தா பயப்படாதீக. சரின்னு சொல்லி சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, வாசல்ல எங்க மாமியா அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்துச்சு. நிமிந்து பாத்துச்சு. சொளவு கையில இருந்து விழுந்துருச்சு. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டு, "தாயி, மறுபடியும் வந்துட்டியா"ன்னுச்சு.

நான் வாயத் தொறக்கல. அம்மைன்னு என் வாயால சொன்னேனா? இல்லைல? அவுகளா நினைச்சுக்கிட்டாக. சொல்லிரலாம்னு ஒரு நிமிசம் வாயெடுத்தேன். அந்தக் களிம்பு சாக்கடையில மெதந்தது ஞாபகம் வந்துச்சு. பேசாம உள்ள போயிப் படுத்துட்டேன். ரெண்டு நாள்ல சிவப்புப் போயிரும், அப்பப் பாத்துக்கிடலாம்னு இருந்தேன்.

அதுக்குள்ள அங்க எல்லாம் நடந்துருச்சு. வாசல்ல வேப்பிலை சொருகியாச்சு. வீட்டுல தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி கிடையாது, யாரும் உள்ள வரக்கூடாது. எதுத்த வீட்டுப் பாக்கியத்தாயி கடைக்குப் போனு போட்டு, "சந்தனமாரிக்கு அம்மை, பத்து நாளைக்கு வர மாட்டா"ன்னு சொல்லிட்டா. "ரெண்டாவது தடவை வராதும்பாகளே"ன்னு அவ இழுக்க, "தாயி பேரச் சொல்லித் தினமும் கூப்பிட்டா வரத்தான் செய்வா"ன்னு எங்க மாமியா அவ வாய அடைச்சிருச்சு. எங்க வீட்டுக்காரருக்கு விசயம் தெரியும். அவருகிட்ட மட்டும் சொல்லிட்டுத்தான் போனேன். ஆனா அவுக அம்மாகிட்ட வாயத் தொறந்தாரா? துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு எடைமேடையிலயே போயிப் படுத்துக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை காலையில வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சு ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கிட்டு வந்து நின்னுச்சு, முகத்துல பூச. எனக்கு உசுரே போயிருச்சு. ஒவ்வொரு துளையும் வாயத் தொறந்துக்கிட்டு இருக்கு, அதுல பச்சை மஞ்சளப் பூசுனா என்ன ஆகும்? உங்க பக்கம் எப்படியோ, எங்க பக்கம் அம்மை கண்டு படுத்தவள பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாக. அவ தாயி. அவ இளநி கேட்டா தாயி கேட்டது, வேண்டாம்னா தாயி வேண்டாம்னது. எனக்கு வேற வழி தெரியல. கண்ண மூடிக்கிட்டு, குரலக் கொஞ்சம் இறக்கி, "எனக்கு மஞ்சள் வேண்டாம். பச்சைத் தண்ணி போதும்"னேன். கிண்ணத்தக் கீழ வச்சுட்டு, "உத்தரவு தாயி"ன்னு எங்க மாமியா விழுந்து கும்பிட்டுச்சு. இருபத்தி மூணு வருசத்துல நான் சொல்லி அந்த வீட்டுல நடந்த முதல் காரியம் அதுதான்.

சிரிக்கிற. சிரி. எனக்கும் அன்னைக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. வெள்ளிக்கிழமை பூராவும் ராணி மாதிரி கிடந்தேன். இளநி வருது, நுங்கு வருது, கம்மங்கூழு வருது. ஃபேனு வேகமா வேணும்னா ஓடுது. மொத தடவை படுத்தப்ப இதுல பாதி செஞ்சிருந்தா எனக்கு ஊசியே தேவைப்பட்டிருக்காதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம். கூழ வச்சுட்டு எங்க மாமியா போகல. கால்மாட்டுல உக்காந்துச்சு. எம்புட்டு நேரம் உக்காந்திருந்துச்சோ தெரியாது, நான் தூங்குற மாதிரிக் கிடந்தேன். அப்புறம் என் ரெண்டு காலையும் புடிச்சுச்சு.

"தாயி, ஒண்ணு கேக்கேன், கோவிக்காத"ன்னுச்சு. "இந்தப் பிள்ளைக்கு அம்மை பாத்ததே இல்லைன்னு எனக்குத் தெரியும். கல்யாணப் பேச்சு முடிக்க வந்தப்பவே அவ ஆத்தா சொன்னா. தெரிஞ்சுதான் அந்தப் பயலத் தூக்கி இவ மடியில போட்டேன். எம்மக வயித்துப்பிள்ளைக்காரி, அவளக் காப்பாத்தணும்னு நினைச்சேன். இவ அடுத்தவ பெத்த பிள்ளைதானன்னு நினைச்சுட்டேன். இவ அனத்திக்கிட்டுக் கிடந்தப்ப பக்கத்துல உக்காரவும் எனக்குத் தைரியம் இல்ல, இவ முகத்தப் பாக்க முடியாம வேலைக்கு ஓடிட்டேன். தப்புப் பண்ணுனது நான். நீ என் முகத்துல போட்டிருக்க வேண்டியதுதான. இவ முகத்துல எதுக்குப் போட்ட? இப்ப எதுக்கு மறுபடியும் வந்திருக்க? என்னைய எடுத்துக்க தாயி, இவள விட்டுரு."

இப்படிக் கேக்குது. என் காலப் புடிச்சுக்கிட்டு.

நான் என்ன செய்யட்டும்? கண்ணத் தொறக்கல. சுவரு பக்கம் திரும்பிப் படுத்துட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு, அது கன்னத்துல இறங்குன எடமெல்லாம் தீயா எரிஞ்சது. குத்துன முகத்துல கண்ணீரு படக்கூடாதுன்னு அந்த டாக்டரம்மா சொல்லவே இல்ல. வாயத் தொறந்தா நான் நானாத்தான் பேசுவேன், அதனால தொறக்கல. எங்க மாமியா முந்தானையால என் கால்ல விழுந்த கண்ணீரத் தொடச்சுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

ஞாயித்துக்கிழமை சிவப்பெல்லாம் தணிஞ்சிருச்சு. பொடிப்பொடியாத் தோலு உரியுது, அவ்வளவுதான். ஆனா திங்கக்கிழமை கடையில ஆவணி முகூர்த்தத்துக்கு யாரு யாரு மாடிக்குன்னு அண்ணாச்சி ஆள் பிரிக்கிற நாளு. அன்னைக்கு அங்க நிக்கலைன்னா தை மாசம் வரைக்கும் துண்டுதான். எங்க மாமியா வர்ற வெள்ளிக்கிழமைதான் மொதத் தண்ணி, மூணாந் தண்ணி ஊத்துறதுக்கு முந்தி வாசல் தாண்டக்கூடாதுன்னு சொல்லிருச்சு. நான் யோசிச்சேன். ராவெல்லாம் இல்ல, அஞ்சு நிமிசம்தான் யோசிச்சேன்.

திங்கக்கிழமை காலையில தலைக்குக் குளிச்சேன். கடைச் சேலையக் கட்டுனேன். பைய எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்தேன். வேப்பிலை காஞ்சு போயி தலையில இடிச்சுச்சு. உருவிக் கீழ போட்டேன். தெருக்குழாயில தண்ணி புடிச்சுக்கிட்டு இருந்தவுக எல்லாம் குடத்த விட்டுட்டுப் பாக்காக. எங்க மாமியா உள்ள இருந்து ஓடி வந்து வாசப்படியில குறுக்க நின்னுச்சு.

"தாயி, மூணு தண்ணி ஆகலையே"ன்னுச்சு.

"தாயி இல்ல அத்தை, சந்தனமாரி. தள்ளுங்க, வேலைக்கு நேரமாச்சு."

"வேப்பிலைய எதுக்குப் புடுங்குன? குத்தமாயிரும்."

"அம்மையே வரல, அப்புறம் என்ன குத்தம்? இது ஊசி. பாளையங்கோட்டை போயி டாக்டருகிட்டக் குத்திக்கிட்டது. தழும்பு போறதுக்கு. இன்னும் மூணு தடவை போவேன்."

தெருவே கேக்கத்தான் சொன்னேன். ரகசியம் எதுக்கு? அவுக என் முகத்துக்கு நேரா இல்லாம முதுகுக்குப் பின்னாடி இருபத்தி மூணு வருசம் பேசுனவுக. "முத்த அழிக்கிறியா?"ன்னு பாக்கியத்தாயி அங்க இருந்து கேட்டா. "முத்துன்னா நீ வாங்கிக் கோத்துப் போட்டுக்க. இது நான் சொறிஞ்ச குழி. என் நகம் போட்டது. சாமிய எதுக்கு இழுக்கீக?"ன்னேன்.

எங்க மாமியா மட்டும் வேப்பிலைப் பேச்ச விட்டுருச்சு, முத்துப் பேச்ச விட்டுருச்சு. என்னையவே பாத்துக்கிட்டு, "எப்ப இருந்து ஊசி?"ன்னு கேட்டுச்சு.

"வியாழக்கிழமையில இருந்து."

"வெள்ளிக்கிழமையும் ஊசிதானா?"

"ஆமா."

"சனிக்கிழமையும்?"

"சனிக்கிழமையும் ஊசிதான் அத்தை."

அப்படியே வாசப்படியில உக்காந்துருச்சு. நான் அதச் சுத்திக்கிட்டு இறங்கி வந்துட்டேன். பஸ்ஸு போயிரும்ல.

கடையில போயி நின்னா, கேஷ்ல இருந்த ஆளு எந்திரிச்சுச் சுவரோட ஒட்டிக்கிட்டான். அண்ணாச்சி எட்டி நின்னே, "ஏம்மா, அம்மையோடயா வந்த?"ன்னாரு. நின்ன எடத்துலயே எல்லாத்தையும் சொன்னேன். "எந்த முகத்துக்காகக் கீழ அனுப்புனீகளோ அந்த முகத்த மாத்திக்கிட்டு இருக்கேன். எனக்கு மாடி வேணும்"னேன். அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. "உன் மூஞ்சிக்காகவா அனுப்புனேன்? உன் வாய்க்காகம்மா. மாசத்துக்கு நாலு பேரு கோவிச்சுக்கிட்டுப் போறாகளே"ன்னாரு. பாத்தியா? முகத்தச் சொல்ல முடியலைன்ன உடனே வாயப் புடிச்சுட்டாரு. ஆனா மாடியக் குடுத்துட்டாரு. மாடிப் பிள்ளைகள்ல ரெண்டு பேரு புதுக்கடைக்கு ஓடிப் போயிருச்சுக, ஆளு பத்தல, அது வேற விசயம். முகத்தப் பாத்துட்டுத்தான் குடுத்தாரு. இப்ப ஐப்பசி முடியப் போகுது, நான் பட்டுலதான் நிக்கேன். போன வாரம் ஒரு கல்யாணப் பொண்ணு அரக்குச் சேலையோட என்னையத்தான் கண்ணாடியில பாத்துச்சு. "அக்கா, நீங்க கட்டுனா எடுப்பா இருக்கு, எனக்கு இருக்குமா?"ன்னுச்சு. இருக்காதுன்னு சொன்னேன். இருக்காது.

எங்க மாமியாவா? பேசல. அன்னைக்கு வாசப்படியில உக்காந்தது, அதுக்கப்புறம் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. மூணு மாசமாச்சு. சோறு போட்டு வச்சிருக்கும். என் துணியையும் சேத்துத் துவைச்சுப் போட்டிருக்கும். நான் அடுப்படிக்குள்ள போனா அது கொல்லைக்குப் போயிரும். தெருவுல எல்லாம் முத்த அழிச்ச கோவம்னு சொல்றாக. இருக்கட்டும், நானும் ஆமான்னு சொல்லிட்டேன். கோவமா இருந்தா இருக்கட்டும். நான் என்ன களவாண்டேனா? என் முகத்துல நான் குத்திக்கிட்டேன்.

என்ன கேக்க? சத்தமாச் சொல்லு, வண்டி இரைச்சல்ல கேக்கல.

கோவம் இல்ல, வெக்கம்னா சொல்ற? ம். படிச்ச பிள்ளை, டக்குன்னு புடிச்சிருக்க. எனக்கு மட்டும் தெரியாதுன்னு நினைச்சியா? அது என்கிட்ட எதச் சொல்லிருச்சுன்னு அதுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே வீட்டுல மூணு மாசமா ரெண்டு பேரும் அத நடுவுல போட்டுக்கிட்டு சோறு தின்னுக்கிட்டு இருக்கோம்.

நான் போயிச் சொல்லணுமாக்கும். "போகட்டும் அத்தை, விடுங்க"ன்னு. பெரிய மனசு பண்ணி நான் போயிச் சொல்லணும். எதுக்கு? அது யாருகிட்டக் கேட்டுச்சு? மாரியாத்தாகிட்டக் கேட்டுச்சு. மாரியாத்தா காலப் புடிச்சு அழுதுச்சு. என் காலுன்னு தெரிஞ்சிருந்தாப் புடிச்சிருக்குமா? சாமிக்குச் சொன்னத சாமி பாத்துக்கிடட்டும். வீட்டுல நான் ஒருத்தி இருக்கேன், இருபத்தி மூணு வருசமா அங்கதான் இருக்கேன். "ஏ சந்தனம், தெரிஞ்சுதான் அந்தப் பயல உன் மடியில போட்டேன்"னு என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவை சொல்லட்டும். கால்ல விழ வேண்டாம், அழ வேண்டாம், சும்மா நின்னுக்கிட்டே சொல்லட்டும். பதிலு எப்பவோ என் வாய் நுனியில வந்து நிக்குது. என்கிட்டக் கேக்கட்டும், சொல்றேன்.